ஃபார்ம்.டி. சேரும் முன் மருத்துவமனையைப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிளஸ் டூ முடிவுகள் வெளியான நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஃபார்ம்.டி. எனப்படும் ஆறாண்டு மருந்தியல் பட்டப்படிப்பைப் பற்றிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் பயன்படும்படி பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகள் இரண்டு முறை நீட் எழுதியும் போதிய மதிப்பெண் வரவில்லை. உறவினர் வழியாக அறிமுகமான ஒருவர், "நீட் இல்லாமலே டாக்டர் ஆகலாம், ஃபார்ம்.டி.யில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். இதை முடித்தால் அவள் டாக்டரா, இல்லையா? (ஒரு தாய், விருத்தாசலம்)

முதலில், அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஃபார்ம்.டி.க்கு நீட் தேவையில்லை என்பது உண்மைதான். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கல்லூரியிலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. இந்த மூன்று வழிகளிலும் இடைத்தரகருக்கு வேலையே இல்லை. கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமே தடை செய்திருக்கிறது.

உங்கள் மகள் மருத்துவர் ஆவாரா என்று கேட்டால், ஆகமாட்டார். பட்டத்தின் பெயரில் டாக்டர் என்று இருந்தாலும், நோயைக் கண்டறிந்து மருந்துச் சீட்டு எழுதும் உரிமையை அது தருவதில்லை. சட்டப்படி அவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். இதைச் சேரும் முன்பே வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்துக்கு ஈடாக நினைத்து இதில் சேர்ந்த பிள்ளைகள், மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் நுழையும்போது, தாங்கள் நினைத்த இடம் இது இல்லை என்று உணர்ந்து மனம் உடைந்து போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மருந்துகளின் மேலேயே ஆர்வம் கொண்டு வந்த பிள்ளைகளோ அதே வார்டில்தான் மலர்கிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்துவந்த ஒரு மூதாட்டி, வாயெல்லாம் புண்ணாகி, சோறு விழுங்க முடியாத நிலையில் பொது மருத்துவ வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். ரத்த அணுக்கள் குறைந்திருந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டிலருகே குனிந்து, அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இந்த மஞ்சள் மாத்திரையை என்னைக்கெல்லாம் போட்டுக்குவீங்க?" என்று கேட்டாள். "தெனமும் காலையில ஒண்ணு தாயி" என்றார் அவர். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மாத்திரை அது. மாணவி உடனே பணியிலிருந்த மருத்துவரிடம் சொன்னாள். மாத்திரை நிறுத்தப்பட்டு, அதன் நச்சுத்தன்மையை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் தொடங்கப்பட்டது. முடிவெடுத்தவர் மருத்துவர்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி பெற்றவள் அந்த மாணவி. வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்தக் கிழமை எந்த மாத்திரை என்று மகனையும் உட்கார வைத்து அவளே விளக்கினாள். இந்த வேலை உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நான் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் பிரிவு. உயிரியல் படிக்கவில்லை. விண்ணப்பிக்கலாமா? (மாணவர், ஆம்பூர்)

விண்ணப்பிக்கலாம். இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், அவற்றோடு கணிதம் அல்லது உயிரியல் இருக்க வேண்டும் என்பதே இந்திய ஃபார்மசி கவுன்சிலின் விதி. சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு முதலாண்டில் ஈடுசெய் பாடமாக உயிரியலும், உயிரியல் பிரிவினருக்குக் கணிதமும் வைத்திருக்கிறார்கள். முதலாண்டின் உடற்கூறியலும் உடலியங்கியலும் உங்களுக்குப் புதிதாக இருக்கும் என்பதால், சேர்க்கைக்குக் காத்திருக்கும் வாரங்களில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகங்களில் மனித உடலைப் பற்றிய பாடங்களை மட்டும் ஒருமுறை ஊன்றிப் படித்துவிடுங்கள். அது போதும்.

மகனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைக்கும்போலிருக்கிறது. ஒன்றில் கட்டடமும் ஆய்வகமும் பிரமாதமாக இருக்கின்றன. இன்னொன்று பழைய கட்டடம், ஆனால் பெரிய மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? (ஒரு தந்தை, கரூர்)

இரண்டுக்கும் அங்கீகாரம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மருத்துவமனைக்கு அருகில் இருப்பதை எடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அருகில் இருந்துவிட்டால் மட்டும் ஆகிவிடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கீகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். 1948ஆம் ஆண்டின் ஃபார்மசி சட்டப்படி, இந்திய ஃபார்மசி கவுன்சிலின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் படித்தவர்தான் மாநில ஃபார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பும் வீண். இந்திய கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரே கல்லூரி நான்காண்டுப் பட்டப்படிப்பான பி.ஃபார்முக்கு ஒப்புதல் பெற்றிருந்து, ஃபார்ம்.டி.க்குப் பெறாமல் இருக்கலாம். படிப்பின் பெயர், எந்தக் கல்வியாண்டு வரை ஒப்புதல், எத்தனை இடங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஃபார்ம்.டி.க்கு ஒரு கல்லூரியில் வழக்கமாக 30 இடங்கள்தான். 'ஒப்புதல் வந்துகொண்டே இருக்கிறது' என்று வாய்மொழியாகச் சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று திரும்பிவிடுங்கள்.

இனி மருத்துவமனை. இந்தப் படிப்பு 2008இல் தொடங்கப்பட்டபோது வகுத்த விதிகளிலேயே, குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை கல்லூரிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது அத்தகைய மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் மாணவர் குறைந்தது 50 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் தினமும் காலை அரை நாள் மருத்துவர்களோடு வார்டு சுற்றில் கலந்துகொள்ள வேண்டும், ஆறு மாதத்துக்கு ஓர் ஆய்வுத் திட்டமும் செய்ய வேண்டும். ஆறாம் ஆண்டு முழுக்கப் பயிற்சிதான். ஆறு மாதம் பொது மருத்துவத்தில் கழியும். மீதி ஆறு மாதம், அறுவைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம், தோல், எலும்பு போன்ற துறைகளில் மூன்றில் இரண்டிரண்டு மாதமாகப் பிரியும். ஆக, கடைசி இரண்டு ஆண்டுகளில் உங்கள் மகனுக்கு வகுப்பறையே மருத்துவமனைதான். ஆய்வகத்தில் பளபளக்கும் கருவிகள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு உதவும், அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோயாளியின் கேஸ் ஷீட்டைத் தொட்டுப் படிக்க அனுமதி கிடைக்காத ஃபார்ம்.டி. மாணவர், தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகியவருக்குச் சமம்.

கவலைக்குரிய செய்தி என்னவென்றால், ஒப்பந்தம் தாளில் மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு. கல்லூரி ஒரு ஊரில், மருத்துவமனை ஒன்றரை மணி நேரப் பயணத்தில், வாரத்துக்கு ஒரு நாள் பேருந்து, அங்கே போனாலும் வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்புவது என்று காலம் தள்ளிய பிள்ளைகள் என்னிடம் பயிற்சி கேட்டு வந்திருக்கிறார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கொடுத்து, இந்த நோயாளிக்கு அமிக்கசின் ஊசியின் அளவை எப்படிக் குறைப்பாய் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அது அவர்கள் குற்றமே அல்ல.

எனவே கல்லூரி அலுவலகத்துக்குப் போகும் முன், மகனையும் அழைத்துக்கொண்டு வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளைக் கோட்டுடன் ஃபார்ம்.டி. மாணவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர் யாராவது வெளியே தேநீர் குடிக்க வந்தால் பேசிப் பாருங்கள். போன வாரம் எந்த நோயாளியைப் பற்றி வகுப்பில் கேஸ் பிரசன்டேஷன் செய்தீர்கள், மருத்துவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்பார்களா, நீங்கள் சொன்னதால் ஒரு மருந்தோ அளவோ மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் அந்தப் பிள்ளை தடுமாறாமல் பதில் சொன்னால் அந்தக் கல்லூரியைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் கண்காணிப்பு மையம் அங்கே இயங்குகிறதா என்பதையும் கேளுங்கள். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் பல மருத்துவமனைகளில் இத்தகைய மையங்கள் இருக்கின்றன. அதற்குரிய படிவத்தை நிரப்பப் பழகிய மாணவருக்கு வேலை தேடும்போதும் அது கைகொடுக்கும்.

நம் நாட்டில் நோயாளியின் அருகில் நின்று மருந்தியல் கற்பிக்கும் முறை 1990களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் இருக்கும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளில்தான் வேர்பிடித்தது. உதகையில் அவர்கள் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது அங்குள்ள அரசுத் தலைமை மருத்துவமனையை. ஆடம்பரமான தனியார் மருத்துவமனை வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனையில் மாணவர் காணும் நோய்களின் வகை வேறெங்கும் கிடைக்காது.

டி.ஃபார்ம் டிப்ளமோ முடித்து நான்கு ஆண்டுகளாக மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். ஃபார்ம்.டி.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா? (வாசகர், ராஜபாளையம்)

முடியாது. டி.ஃபார்ம் தகுதியை வைத்து ஃபார்ம்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலாண்டில்தான் சேர வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டு வசதி பி.ஃபார்முக்கு மட்டுமே உண்டு.

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பி.ஃபார்மில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் முடித்துவிட்டு, பி.ஃபார்ம் பட்டதாரிகளுக்கென்றே இருக்கும் மூன்றாண்டு ஃபார்ம்.டி.யில் சேரலாம். அதில் இரண்டு ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. கூட்டிப் பார்த்தால் இரண்டு வழிக்கும் ஆறு ஆண்டுகள்தான். குடும்பப் பொறுப்பு உள்ளவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிவதால், நான் இரண்டாம் வழியையே சொல்வேன். பாதியில் பணநெருக்கடி வந்தால் கையில் ஒரு பட்டம் இருக்கும், வேலைக்குப் போய்விட்டுப் பிறகு தொடரலாம். ஆறாண்டுப் படிப்பை நடுவில் விட்டால் பட்டம் எதுவும் கிடைக்காது. ஆனால் அந்த மூன்றாண்டுப் படிப்பில் ஒரு கல்லூரிக்கு 10 இடங்கள்தான் என்பதையும், அது எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பி.ஃபார்மில் நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

கடையில் நின்ற நான்கு ஆண்டுகளை வீணான காலமாக எண்ண வேண்டாம். மருந்துகளின் வணிகப் பெயர்களும், மக்கள் அவற்றை எப்படித் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்த அளவு உங்கள் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியாது.

விண்ணப்பத்தோடு என்னென்ன சான்றிதழ்கள் வைக்க வேண்டும்? நேர்முகத் தேர்வு என்றால் என்ன கேட்பார்கள்? (மாணவி, திண்டுக்கல்)

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஆதார் ஆகியவை எங்கும் கேட்பார்கள். உங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழும் வேண்டும். இவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பதால் தாமதமாகிறது. பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒரு மாலை உட்கார்ந்து சரிபாருங்கள். தகுதியுள்ள மாணவிகள் பின்னால் அலைய நேர்வது பெரும்பாலும் இந்தச் சின்ன வேறுபாட்டால்தான்.

மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் உத்தரவிட்டிருக்கிறது. அவற்றைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்வோம் என்றால், இந்த உத்தரவைச் சொல்லிப் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை ஆறு ஆண்டுக்குமான கணக்கைக் கேளுங்கள். பயிற்சி ஆண்டுக்கும் கட்டணம் உண்டா, மருத்துவமனைப் பயிற்சிக்குத் தனியாக வாங்குவார்களா, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா என்பவை கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மட்டும் உண்டு. ஏன் இந்தப் படிப்பு என்றுதான் முதலில் கேட்பார்கள். 'மக்களுக்குச் சேவை செய்ய' என்று மனப்பாடமாகச் சொன்னால் அடுத்த கேள்விக்கு நீங்கள் தடுமாறுவீர்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர் இருப்பார். அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். வணிகப் பெயருக்கு அருகில் மருந்தின் பெயர் இருக்கும். அது உடலில் என்ன செய்கிறது, ஏன் உணவுக்கு முன் அல்லது பின், ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்று படித்து, அவர் உண்மையில் எப்படி எடுக்கிறார் என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி உங்கள் சொற்களில் இரண்டு நிமிடம் பேசினால், எதிரே இருக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்வார்.

ஃபார்ம்.டி. முடித்தால் வேலை கிடைக்குமா? அமெரிக்காவுக்குப் போக இது பி.ஃபார்மைவிட மேலானது என்கிறார்களே? (மாணவியின் அண்ணன், நாகர்கோவில்)

வேலை கிடைக்கும். ஆனால் உங்கள் தங்கை மனதில் வைத்திருக்கும் வேலை உடனே கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்டாக, அதாவது வார்டில் நோயாளியின் மருந்துகளைக் கவனிப்பவராக, அமர்வதுதான் இந்தப் படிப்பின் நோக்கம். தரச் சான்று பெற்ற பெரிய தனியார் மருத்துவமனைகள் இப்போது அவர்களை நியமிக்கின்றன. ஆனால் தொடக்கச் சம்பளம் ஆறு ஆண்டுப் படிப்புக்கு ஏற்றதாக இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வார்டுக்கு ஒரு கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறோம். அந்தப் பணியிடங்கள் வரும்வரை, மாணவர்களில் பலர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களில் மருந்துப் பாதுகாப்பு நிறுவனங்களிலும் மருத்துவ ஆய்வு நிறுவனங்களிலும் சேர்கிறார்கள். கணினி முன் அமர்ந்து, உலகெங்கிலுமிருந்து வரும் பக்கவிளைவு அறிக்கைகளைப் படித்து மதிப்பிடும் வேலை அது. நோயாளி முகத்தைப் பார்க்க முடியாது என்றாலும் மதிப்புள்ள வேலைதான். கல்லூரியில் ஆசிரியராகலாம், முனைவர் பட்ட ஆய்வுக்கும் போகலாம்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. வெளிநாட்டில் படித்தவர்கள் அங்கே மருந்தாளுநராக முதலில் எழுத வேண்டிய சமானத் தேர்வுக்கு, 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டு மருந்தியல் படிப்பு படித்திருக்க வேண்டும். நான்காண்டு பி.ஃபார்ம் மட்டும் அதற்குப் போதாது, ஆறாண்டு ஃபார்ம்.டி. போதும். ஆனால் அது வாசல்படி மட்டுமே. அந்தத் தேர்வோடு ஆங்கிலத் தேர்வும் தேற வேண்டும். பிறகு வேலை செய்ய விரும்பும் மாநிலம் கேட்கும் பயிற்சி மணிகளை அங்கேயே முடித்து, நேப்ளெக்ஸ் எனப்படும் உரிமத் தேர்வையும் எழுத வேண்டும். விசா இல்லாமல் இதில் எதுவும் நகராது. அதற்கான செலவையும் காலத்தையும் கணக்கிட்டுக்கொண்டு முடிவெடுங்கள். வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. பணி அனுபவமும் கேட்பது வழக்கம் என்பதால், படித்து முடித்த கையோடு விமானம் ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் தங்கையிடம் ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள். ஒவ்வோர் ஆண்டின் பாடத்திட்டத்தையும், மருத்துவமனையில் செலவிட்ட மணிக்கணக்கைத் துறைத்தலைவரின் கையொப்பத்தோடும் ஒரு கோப்பில் சேர்த்துவரட்டும். படிப்பு முடிந்து நான்கைந்து ஆண்டுகள் கழித்து, மாறிப்போன துறைத்தலைவரைத் தேடி அவற்றை வாங்குவது எத்தனை கடினம் என்பதை என் பழைய மாணவர்கள் எழுதும் மின்னஞ்சல்களில் படித்துவருகிறேன்.